ரா படத்தில் செய்த திருத்தம் எங்கே போய் உட்காருகிறது?

செங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்குப் பாதி வேலை மலைக்கு அந்தப் பக்கம்தான். ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கல்யாணம் எடுக்கப் போவதும், எடுத்த படங்களை ஆல்பம் வடிவமைப்பதற்காகப் புனலூரில் இருக்கும் ஒரு நண்பரிடம் கொடுப்பதும் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி முகூர்த்தத்தில் எடுத்த படங்களை நான்கு இரவு கண் விழித்துத் திருத்தி, ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது. “அண்ணாச்சி, படமெல்லாம் கேமராவில எடுத்தபடியே கெடக்கு. நீங்க ஒண்ணும் தொடலையா?”

அவர் பயன்படுத்தும் மென்பொருள் வேறு, நான் பயன்படுத்துவது வேறு. நான் செய்த திருத்தம் என் கணினியில் பத்திரமாக இருந்தது. அவருக்குப் போன கோப்புகளோடு அது போகவில்லை. போயிருந்தாலும் அவருடைய மென்பொருள் அதில் பாதியைக்கூடப் படித்திருக்காது. இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. தொழிலில் பலரும் இன்றைக்கும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். “எக்ஸ்எம்பி பொதுத் தரம்தானே, அதைச் சேர்த்துக் கொடுத்தால் எதில் திறந்தாலும் வந்துவிடும்” என்று சொல்பவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். (எக்ஸ்எம்பி என்பது படத்தைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைக்கும் ஒரு முறை; விவரம் பின்னால் வருகிறது.) அந்தப் பாதி எது, மீதி ஏன் இல்லை என்பதைப் புதிதாகக் கேமரா பிடிப்பவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

வெட்டாத துணி

தையற்கடையில் கொடுத்த துணியை நினைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்த சட்டை ஜேபெக் படம் என்றால், ரா கோப்பு என்பது இன்னும் கத்திரி படாத துணி. கேமராவின் சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தின் ஒளியை மட்டுமே அளக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் இந்தப் புள்ளிகள், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, இரண்டு பச்சைக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அளவுகளை ஏறக்குறைய அப்படியே எழுதி வைத்த பட்டியல்தான் ரா கோப்பு. 14 பிட் ராவில் ஒரு புள்ளி 16,384 படிநிலைகளில் ஒன்றைக் காட்ட முடியும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளே உண்டு.

இந்த எண்களின் பட்டியல் கண்ணால் பார்க்கும் படமாவதற்கு, விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட வேண்டும், வெள்ளை எது என்று முடிவு செய்ய வேண்டும், வெளிச்சத்தையும் நிறத்தையும் நம் கண்ணுக்கு ஏற்றபடி வளைக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு மென்பொருளும் தன் தன் வழியில் செய்கிறது. அதனால்தான் ஒரே ரா கோப்பை, யாரும் எதையும் தொடாத நிலையிலேயே, இரண்டு மென்பொருள்களில் திறந்தால் இரண்டு விதமாகத் தெரிகிறது. கேமராவின் திரையில் பார்த்த படம் கணினியில் ஒரு நொடி அழகாகத் தோன்றிவிட்டுப் பிறகு ‘செத்துப்போவது’ போல் மாறுகிறதே, அதற்கும் காரணம் உண்டு. ரா கோப்புக்குள் கேமரா தானே செய்து வைத்த சிறிய ஜேபெக் மாதிரிப் படம் ஒன்று இருக்கிறது. முதலில் தெரிவது அது. பின்னால் வருவது மென்பொருள் தானாகக் கணக்கிட்ட படம்.

திருத்தும்போது மென்பொருள் ரா எண்களைத் தொடுவதில்லை. “வெளிச்சத்தை அரைப்படி கூட்டு, இடப்பக்கம் இவ்வளவு வெட்டு, வெள்ளையை இப்படி வை” என்று கட்டளைகளை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவற்றை நிறைவேற்றிக் காட்டுகிறது. படத்தோடு சேர்ந்து நிற்கும் இத்தகைய குறிப்புகள் எல்லாவற்றுக்கும் மெட்டாடேட்டா என்று பெயர். எடுத்த தேதி, லென்ஸ், எடுத்தவர் பெயர், மணமக்கள் பெயர் ஆகியவையும் மெட்டாடேட்டாதான். அவற்றுள் திருத்தக் கட்டளைகளை மட்டும் இந்தக் கட்டுரையில் திருத்தக் குறிப்பு என்று அழைக்கிறேன்.

சீட்டும் நோட்டும்

தையல்காரர் அளவை எங்கே எழுதி வைக்கிறார்? சிலர் துண்டுச் சீட்டில் எழுதித் துணியோடு குண்டூசியால் குத்திவிடுவார்கள். சிலர் கடையின் பெரிய நோட்டில் மட்டும் எழுதுவார்கள். சிலர் சாக்கட்டியால் துணியின் ஓரத்திலேயே குறித்துவிடுவார்கள். ரா மென்பொருள்களும் இந்த மூன்று வழிகளைத்தான் கையாளுகின்றன.

துணியில் குத்திய சீட்டுக்குச் சைட்கார் என்று பெயர். படத்தின் பக்கத்தில், அதே ஃபோல்டரில், ஏறக்குறைய அதே பெயரில் கிடக்கும் சிறு கோப்பு அது. டார்க்டேபிள் எழுதும் சைட்கார் .எக்ஸ்எம்பி என்று முடியும், ராதெரபியுடையது .பிபி3, டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேபுடையது .டிஓபி. கேப்ச்சர் ஒன்னின் செஷன் முறையில் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே தனி ஃபோல்டர் ஒன்றில் .சிஓஎஸ் கோப்புகளாக இருக்கும்.

கடை நோட்டுக்குக் கேட்டலாக் என்று பெயர். எல்லாப் படங்களின் குறிப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் அது. நான் பயன்படுத்தும், அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக் 2007-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் நாம் செய்யும் திருத்தம் இயல்பாகக் கேட்டலாக்கில் மட்டுமே எழுதப்படுகிறது. சைட்காரிலும் எழுத வேண்டுமானால் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் எஸ் அழுத்த வேண்டும், அல்லது கேட்டலாக் அமைப்புகளுக்குள் போய் ‘ஆட்டோமேட்டிக்கலி ரைட் சேஞ்சஸ் இன்டு எக்ஸ்எம்பி’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நான் அந்த டிக்கைப் போட்டிருக்கவில்லை. நான்கு இரவு வேலையும் நோட்டில் இருந்தது. நண்பருக்குப் போனது வெறும் துணி. படங்களை வெளியே கொடுத்து வாங்குபவர்களுக்கு இந்த இயல்பு அமைப்பு ஒத்துவராது என்பது என் கருத்து. தன் வேலை முழுவதையும் ஒரே கணினியில் முடித்துக்கொள்பவருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை.

துணியிலேயே குறிப்பது மூன்றாவது வழி. அடோபி 2004-இல் வெளியிட்ட டிஎன்ஜி என்ற ரா வடிவத்தில் குறிப்பைக் கோப்புக்குள்ளேயே எழுதலாம். சீட்டு தொலையும் பயம் இல்லை என்பதால் இதைப் பலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. சைட்கார் சில கிலோபைட்டில் அடங்கிவிடும். டிஎன்ஜியிலோ, படத்துக்கு மதிப்பெண்ணாகப் போடும் நட்சத்திரத்தில் ஒன்றைக் கூட்டிச் சேமித்தாலும் பெரிய கோப்பு முழுவதும் மாறியதாகக் கணக்காகி, பேக்கப் மென்பொருள் அதை மீண்டும் முழுதாக நகலெடுக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும்போது, மூலக் கோப்புக்குள் எதையும் எழுதாமல் இருப்பதே நிம்மதி.

இதுவரை பார்த்ததைக் கூட்டிச் சொன்னால்: திருத்தம் படத்துக்குள் இல்லை, படத்தைப் பற்றிய குறிப்பாக இருக்கிறது, அந்தக் குறிப்பு சைட்காரிலோ, கேட்டலாக்கிலோ, கோப்புக்குள்ளோ இருக்கலாம். ஒருவருக்கு ரா கொடுக்கும்போது, அவருக்குப் போவது எந்த இடத்தில் உள்ள குறிப்பு என்பதுதான் முதல் கேள்வி.

வெள்ளம் என்றால் என்ன?

சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, படிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறி இறங்கினால் ‘வெள்ளம்’ என்ற சொல்லுக்குத் தண்ணீர் என்று பொருள். இந்தப் பக்கம் அது ஊரை அடித்துக்கொண்டு போவது. ‘அவசரம்’ என்று நாம் சொன்னால் பரபரப்பு, மலையாளத்தில் அது வாய்ப்பு, தெலுங்கில் தேவை. எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது என்பதற்காகப் பொருளும் ஒன்றாகிவிடாது.

எக்ஸ்எம்பி என்பது மெட்டாடேட்டாவை எழுதி வைப்பதற்கான பொது முறை. அடோபி 2001-இல் அறிமுகப்படுத்திய இந்த முறை 2012-இல் ஐஎஸ்ஓ 16684-1 என்ற உலகத் தரமாக ஏற்கப்பட்டது. சாதாரண நோட்பேடில் திறந்தாலே படிக்கக்கூடிய எழுத்துகளாக அது இருக்கும். எந்தக் குறிப்பை எந்த அடைப்புக்குள் எழுத வேண்டும், ஒரு குறிப்பு யாருடைய சொற்பட்டியலைச் சேர்ந்தது என்பதை எப்படிக் காட்ட வேண்டும் என்பனவற்றை அந்தத் தரம் வரையறுக்கிறது. தலைப்பு, எடுத்தவர் பெயர், நட்சத்திர மதிப்பு போன்ற பொதுச் சொற்கள் சிலவற்றுக்குப் பொருளும் சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் சொற்பட்டியலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாசலைத் திறந்து விட்டிருக்கிறது. திருத்தக் கட்டளைகள் எல்லாம் அந்தச் சொந்தச் சொற்பட்டியல்களில்தான் இருக்கின்றன.

லைட்ரூம் எழுதிய எக்ஸ்எம்பியைத் திறந்து பார்த்தால் ‘எக்ஸ்போஷர்2012’, ‘கான்ட்ராஸ்ட்2012’ என்ற பெயர்கள் இருக்கும். பெயரோடு ஆண்டு ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. 2012-இல் வந்த நான்காம் பதிப்பில் அடோபி தன் கணக்கு முறையை மாற்றியது. பழைய கான்ட்ராஸ்ட் 25 என்ற எண்ணைப் புதிய கணக்கில் போட்டால் வேறு படம் வரும் என்பதால், புதிய பொருளுக்குப் புதிய பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருளுக்குள் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலேயே ஒரு சொல்லின் பொருள் மாறியிருக்கிறது என்றால், வேறொருவர் எழுதிய மென்பொருள் அதை அப்படியே நிறைவேற்றும் என்று எப்படி எதிர்பார்ப்பது? டார்க்டேபிளின் எக்ஸ்எம்பியோ இன்னொரு வகை. எந்தத் திருத்தம் எந்த வரிசையில் செய்யப்பட்டது என்பது அதில் தெரியும். ஆனால் அளவுகள் அந்த மென்பொருளுக்கு மட்டுமே விளங்கும் நீண்ட எழுத்துச் சரங்களாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். உறை ஒன்றுதான்; உள்ளே இருக்கும் கடிதம் வேறு மொழியில் இருக்கிறது.

எது மலையைத் தாண்டும்?

நட்சத்திர மதிப்பு தாண்டும். அது வெறும் எண். ஐந்து என்றால் எங்கும் ஐந்துதான்.

வண்ண அடையாளம் தாண்டும், ஆனால் நிறம் மாறிப் போகலாம். சிவப்பு, மஞ்சள் என்று நாம் வைக்கும் அடையாளம் எக்ஸ்எம்பியில் நிறமாக எழுதப்படுவதில்லை, சொல்லாக எழுதப்படுகிறது. லைட்ரூம் ‘ரெட்’ என்று எழுதுகிறது. அதே அடோபியின் பிரிட்ஜ் மென்பொருள் அந்தச் சிவப்புக்கு இயல்பாக ‘செலக்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது. ஒன்றில் வைத்த சிவப்பு மற்றதில் வெள்ளை அடையாளமாக நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர். இரண்டிலும் பெயர்களை ஒன்றாக மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

தலைப்பும் குறிச்சொற்களும் தாண்டும். எக்ஸ்எம்பி யூனிகோடில் எழுதப்படுவதால் தமிழும் மலையாளமும் சேதமில்லாமல் போகும். ஆனால் படத்துக்குள் குறிப்பு எழுதும் பழைய ஐபிடிசி முறையும் இன்னும் சில இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் இடமே உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்துக்கும், அதன் மேல் ஏறும் காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும்கூட, தனித்தனியே மூன்று பைட் வேண்டும். ‘ஆரியங்காவு திருக்கல்யாணம்’ என்ற இரண்டே சொல் இடைவெளியோடு சேர்ந்து 73 பைட் ஆகிவிடுகிறது. அந்த முறையில் அதன் வால் வெட்டப்படும். குறிச்சொற்களை ஒற்றைச் சொல்லாக வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது.

படத்தை எங்கே வெட்டினோம் என்பது பாதி தாண்டும். அடோபி அதை அகலத்திலும் உயரத்திலும் இத்தனை பங்கு என்று பின்னமாக எழுதுவதால், பிறர் படித்துக்கொள்வது எளிது. லைட்ரூமின் சைட்காரிலிருந்து டார்க்டேபிளும், லைட்ரூம் கேட்டலாக்கிலிருந்து கேப்ச்சர் ஒன்னும் வெட்டையும், எக்ஸ்போஷர் போன்ற சில அடிப்படை அளவுகளையும் எடுத்துக்கொள்ள முயல்கின்றன. முயல்கின்றன என்றுதான் சொல்ல முடியும். ஏறக்குறைய ஒத்த படம் கிடைக்கும், அதே படம் கிடைக்காது.

வெள்ளைச் சமநிலையில் பலர் ஏமாறுவார்கள். 5500 கெல்வின் என்பது இயற்பியல் அளவுதானே, அது எப்படி மாறும் என்று கேட்பார்கள். அந்த அளவை ஒரு குறிப்பிட்ட கேமராவின் சிவப்பு, நீல எண்களை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்ற கணக்காக மாற்றுவதற்கு, ஒவ்வொரு மென்பொருளும் அந்தக் கேமராவுக்கென்று தனி நிற அட்டவணை வைத்திருக்கிறது. அட்டவணை வேறானால் அதே 5500-இல் பட்டுச் சேலையின் அரக்குச் சிவப்பு வேறாகத்தான் தெரியும். கசவு வேட்டியின் கரையும் அப்படியே.

தூரிகையால் முகத்தில் மட்டும் வெளிச்சம் கூட்டியது, நிறங்களைத் தனித்தனியே வளைத்தது, இரைச்சல் நீக்கியது, தோல் மெருகேற்றியது ஆகியவற்றை மறந்துவிடலாம். லைட்ரூமில் ஒரே படத்துக்குச் செய்து வைக்கும் மெய்நிகர் நகல்களும், படங்களைத் தொகுத்து வைத்த கலெக்‌ஷன்களும், படிப்படியான திருத்த வரலாறும் கேட்டலாக்கிலேயே தங்கிவிடும்; அந்த மென்பொருளின் சொந்தச் சைட்காரில்கூட அவை ஏறுவதில்லை.

சுருக்கமாக: படத்தைப் பற்றிச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் தாண்டும், படத்தை இப்படிச் செய் என்று ஏவும் குறிப்புகள் பெரும்பாலும் தாண்டாது.

பெயர்ப் பொருத்தம்

சைட்காருக்கும் படத்துக்கும் இடையே உள்ள ஒரே கயிறு பெயர். அந்தக் கயிற்றை முடிவதிலும் இரண்டு வழக்குகள் உண்டு. 4521.என்இஎஃப் என்ற நிக்கான் படத்துக்கு லைட்ரூம் 4521.எக்ஸ்எம்பி என்று பெயர் வைக்கும், டார்க்டேபிள் 4521.என்இஎஃப்.எக்ஸ்எம்பி என்று முழுப் பெயரையும் சேர்த்து வைக்கும். இதனால் ஒரே படத்துக்கு இரண்டு சைட்கார்கள் பக்கம் பக்கமாகக் கிடப்பதும், ஒன்றில் நான்கு நட்சத்திரமும் மற்றதில் இரண்டும் இருப்பதும் நடக்கும். இரண்டாம் வழக்கு நீளமாகத் தோன்றினாலும், ஒரே பெயரில் ராவும் ஜேபெக்கும் இருக்கும்போது எந்தச் சீட்டு எந்தப் படத்துக்கு என்ற குழப்பம் அதில் வராது. எனக்கு அதுவே முறையாகப் படுகிறது.

ரா கோப்பின் பெயரை விண்டோஸிலேயே மாற்றிவிட்டால் கயிறு அறுந்துவிடும். பெயரை மாற்றுவதானால் திருத்தும் மென்பொருளுக்குள்ளிருந்தே மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து எண்ணில் இருக்கிறது. கேமராவின் கோப்பு எண் 9999-ஐத் தொட்டதும் மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடும். ஒரே கல்யாணத்தில் ஒரே மாடல் கேமரா இரண்டு ஓடினால், இரண்டிலும் ஒரே எண் வர வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் கணினி ரா கோப்புகளுக்காவது எச்சரிக்கை காட்டும்; சைட்கார்களை ஒன்றின் மேல் ஒன்று எழுதச் சம்மதித்துவிட்டு நகர்ந்துவிடுவது நாம்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு எழுதிய கட்டளை தாலி கட்டும் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். இப்போது கார்டிலிருந்து இறக்கும்போதே தேதியையும் கேமராவுக்கு ஓர் எழுத்தையும் பெயரின் முன் சேர்த்துவிடுகிறேன்.

ஒரே சீட்டில் இரண்டு கை

ஒரே எக்ஸ்எம்பியை இரண்டு மென்பொருள்கள் மாற்றி மாற்றி எழுதினால், கேட்டலாக்கில் ஒன்றும் சைட்காரில் வேறொன்றும் என்று பிளவு விழும். லைட்ரூம் அந்தப் படத்தின் மேல் ஒரு குறி காட்டி, கோப்பில் உள்ளதைப் படிக்கவா, என்னிடம் உள்ளதை எழுதவா என்று கேட்கும். படி என்று சொன்னால் நண்பர் போட்ட நட்சத்திரத்தோடு சைட்காரில் இருக்கும் பழைய திருத்தக் குறிப்பும் சேர்ந்து வந்து நம்முடைய புதிய திருத்தத்தின் மேல் ஏறிவிடும். டார்க்டேபிள், அமைப்புகளில் நாம் சொல்லி வைத்தாலன்றி, வெளியே மாறிய சைட்காரைத் திறக்கும்போது தேடிப் பார்ப்பதே இல்லை. ஆகவே யார் எழுதுபவர், யார் படிப்பவர் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

நாங்கள் இப்போது செய்வது

நானும் புனலூர் நண்பரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். படம் தேர்வது அவர் வேலை. நான் ரா கோப்புகளைச் சைட்காருடன் அனுப்புகிறேன். அவர் நட்சத்திரம் மட்டும் போட்டுச் சைட்கார்களைத் திருப்பி அனுப்புகிறார். ஆயிரம் படங்களின் சைட்கார்கள் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுவதால் அது வாட்ஸ்அப்பிலேயே ஜிப் கோப்பாக வந்துவிடும். நட்சத்திரங்களைப் படித்துக்கொண்ட பிறகுதான் நான் திருத்தத் தொடங்குகிறேன். அதற்கு முன்னால் ஒரு படத்தையும் தொடுவதில்லை. திருத்தி முடித்ததும் அவருக்குப் போவது ரா அன்று, தைத்து முடித்த சட்டை. ஆல்பத்தின் சாதாரணப் பக்கங்களுக்கு உயர்தர ஜேபெக். அவர் மேற்கொண்டு கை வைக்க வேண்டிய படங்களுக்கு, ஜேபெக்கைவிட அதிகப் படிநிலைகளைத் தாங்கும் 16 பிட் டிஃப் என்ற பட வடிவம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று சுருக்காத 16 பிட் டிஃப்பாக மாறினால் 144 மெகாபைட் வரும் என்பதால், எல்லாவற்றுக்கும் டிஃப் கேட்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஃபோல்டரை நகலெடுக்கும் பையனிடமும் ஒன்று சொல்லி வைக்க வேண்டியிருந்தது. .எக்ஸ்எம்பி என்று முடியும் குட்டிக் கோப்புகள் குப்பை போலத்தான் தெரியும். அவற்றை அழித்து இடம் மிச்சப்படுத்திக் கொடுத்த நல்ல மனம் ஒருமுறை எங்களுக்கு இரண்டு நாள் வேலை வைத்தது.

பழைய வேலைகளுக்கும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறேன். ஆப்பிள் தன் அபர்ச்சர் மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2014-இல் அறிவித்தது. 2019-இல் வந்த மேக் இயங்குதளத்திலிருந்து அது ஓடுவதே நின்றுபோனது. அதில் திருத்தி வைத்தவர்களிடம் ரா கோப்புகள் பத்திரமாக இருந்தன. அவற்றின் மேல் எழுதிய கட்டளைகளை அப்படியே நிறைவேற்ற வேறு யாரும் இல்லை. அதனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆல்பத்துக்குத் தேர்ந்த படங்களை முழு அளவு டிஃப்பாக எடுத்து, ராவும் சைட்காரும் இருக்கும் அதே டிஸ்கில், ‘முடித்தது’ என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டுத்தான் கணக்கை மூடுகிறேன்.